நீலத்தைக் கறுப்பாக்கியவள்

நீ திங்கட்கிழமை காலை உடுமலை வழியாகப் போகும் பஸ்ஸில் கோவைக்குக் கிளம்புகிறாய். டிடிபி சென்டரின் பெயர்ப்பலகையை நேற்றே இறக்கிவிட்டாய். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். துருப்பிடித்த ஓர் ஆணி வர மறுத்ததைப் பற்றி மட்டும் இருவரும் பேசினோம். சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. முப்பத்தோரு வருடம் மற்றவர்களின் துக்கத்தை விசாரித்துப் பேப்பரில் எழுதியவளுக்குத் தன் தப்பை மகன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. எனவே தெரிந்த வழியில் சொல்கிறேன். இது உனக்கு எழுதும் கடிதம்தான். ஆனால் உன் கைக்கு வரும்போது உனக்கு முன்பே பலர் இதைப் படித்திருப்பார்கள். அப்படித்தான் வேண்டும் என்று கேட்ட ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் பிறகு வருகிறேன்.

முக்கியமான செய்தியை முதலில் வைப்பது என் தொழில் வழக்கம். செய்தி இதுதான். இரண்டு மழைக்காலத்துக்கு முன், சின்னக்கானலுக்கு அப்பால் ஓர் எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் மண் சரிந்தபோது, பெயர்ப் பட்டியலில் காணாமல்போனவர்கள் எல்லோரையும் இறந்தவர்களாக மாற்றியது நீ இல்லை. நான். போன வாரம் வரை இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஊர் அதை உன் தலையில் வைத்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றவர்களும் படிக்கப்போவதால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் மண் சரிந்து, தொழிலாளர்கள் குடியிருந்த இரண்டு லயங்களை மூடியது. பிழைத்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் கேம்ப் போட்டுத் தங்க வைத்தார்கள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்டு சங்கரன்கோவிலிலிருந்தும் மதுரையிலிருந்தும் சொந்தக்காரர்கள் இடைவிடாமல் அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பட்டியல் கையில் வைத்திருந்தார்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நீதான் முன்வந்து, நம் சென்டரில் இருந்த கம்ப்யூட்டரில், எல்லாப் பெயர்களையும் ஒரே பட்டியலாக அடித்தாய். பிழைத்தவர் பச்சை. உடல் கிடைத்தவர் கறுப்பு. காணாதவர் நீலம். இந்த விளக்கத்தை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போட்டாய். பெயரைத் தொட்டால் அதே கோப்பின் கடைசிப் பக்கங்களில் அந்த ஆளின் புகைப்படமும் அங்க அடையாளமும் வரும்படி லிங்க் வைக்க ஆரம்பித்தாய். படிக்கத் தெரியாதவர்களும் போனில் பெயரைத் தொட்டு முகத்தைப் பார்க்கட்டும் என்றாய். நான் பார்த்த எந்த அலுவலகமும் அவ்வளவு நல்ல பட்டியல் போட்டதில்லை.

லிங்க் என்றால் என்ன என்று நீ கற்றுக்கொண்ட விதம் எனக்கு நினைவிருக்கிறது. சென்டர் திறந்த முதல் வருடம் போனில் அனுப்பும் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு, பழைய பத்திரிகை ஒன்றையே எடுத்து எழுத்தை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டாய். 'மண்டபத்துக்கு வழி' என்ற வரி அப்படியே இருந்தது. அதைத் தொட்டால் திறக்கும் வரைபடமும் பழைய மண்டபத்தின் வரைபடமாகவே இருந்தது. வட்டவடையிலிருந்து இரண்டு ஜீப் நிறைய வந்தவர்கள் அந்தப் பழைய மண்டபத்துக்குப் போய், அங்கே நடந்த வேறொரு கல்யாணத்தில் டிபனும் சாப்பிட்டுவிட்டார்கள். செய்தி வந்த அரைமணி நேரத்தில் நீ பைக்கை எடுத்துக்கொண்டு போய் நின்றாய். "நான்தான் மாமா, லிங்க்க மாத்தாம விட்டுட்டேன்" என்றாய். ஜீப்பில் வந்திருந்த பெண்ணின் தாய்மாமன் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சட்னி நல்லாத்தாம்ப்பா இருந்துச்சு. பொண்ணுதான் யாருன்னு தெரியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து நீ சிரிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஒன்று, அது கொண்டுபோய்விடும் இடம் வேறொன்று, இனிமேல் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துத்தான் அனுப்புவேன் என்றாய். அப்படியே செய்தாய். உனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அரைமணி நேரத்தில் 'நான்தான்' என்று சொல்ல உன்னால் முடிந்தது. எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

நிறத்தைப் பற்றியும் நீ எனக்குச் சொல்லியிருந்தாய். மண் சரிவதற்கு ஒரு மாதம் முன்பு, என் செய்திகளைப் பக்கமாக வடிவமைக்க நானும் பழகலாம் என்று உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நிறங்கள் பெயரோடு வரிசையாக இருக்கும் சின்னப் பெட்டியைக் காட்டினாய். "அம்மா, இத பெயிண்ட் டப்பான்னு நெனைக்காத. லயத்துக்கு மேல தண்ணித் தொட்டி இருக்குல்ல, அது மாதிரி. தொட்டில சாயத்தக் கலந்தா கீழ எல்லாக் குழாய்லயும் சாயத் தண்ணிதான் வரும். ஒரு எழுத்து நெறம் மட்டும் மாறணும்னா எழுத்தப் பிடிச்சு மாத்து. பெட்டிக்குள்ள போயி மாத்துனா அந்த நெறத்துல இருக்குற அம்புட்டும் மாறிரும்" என்றாய். அப்போது போன் வந்தது, எழுந்து போனேன். திரும்பி வந்து "புரிஞ்சதுப்பா" என்றேன். பாதிதான் புரிந்திருந்தது. பாதி புரிந்தவர்கள் 'புரிந்தது' என்று சொல்வதை நான் தாசில்தார்களிடம் எத்தனையோ முறை பார்த்து, அதைச் செய்தியாகவும் எழுதியிருக்கிறேன்.

மண் சரிந்த மறுநாள் மதியம் நீ அடையாள அட்டைகளைப் படம் எடுக்கக் கேம்புக்குப் போனாய். இறந்தவர்களின் பெயர்களுக்கு லிங்க் வைக்கும் வேலை பாக்கி இருந்தது. நான் செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். ஒரு பெயரைப் பிடித்து லிங்க் கொடுத்ததும் அந்தப் பெயர் தானாகவே நீலமாகிவிட்டது. அடுத்ததும் அப்படியே. லிங்க் வைத்தால் அந்த மென்பொருள் எழுத்துக்குத் தானாக நீலம் கொடுக்கும் என்பது எனக்குத் தெரியாது. முதல் பக்கத்தில் இறந்துபோனவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல்போனவர்களாக மாறிக்கொண்டிருந்தார்கள். உடல் கிடைத்துவிட்ட ஒரு பிள்ளையின் பெயர் நீலத்தில் போனால், அது எங்கேயோ பிழைத்திருக்கிறது என்று தாய் நினைத்துவிடுவாளே என்று பயந்தேன். பொய்யான நம்பிக்கை கொடுக்கக் கூடாது. அந்த நிமிடத்தில் என் மனதில் இருந்தது அது ஒன்றுதான். சாக்காக இதைச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நீ காட்டிய நிறப் பெட்டியைத் திறந்து, நீலத்தின் மேல் இரண்டு முறை தட்டி, அதைக் கறுப்பாக்கினேன். முதல் பக்கம் சரியாகிவிட்டது. இறந்தவர்கள் எல்லோரும் கறுப்பு. நிம்மதியாகக் கோப்பை மூடி, எஸ்டேட் ஆட்களும் ஆம்புலன்ஸ்காரர்களும் இருந்த நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மூன்றாம் பக்கத்தை நான் திறக்கவே இல்லை.

அவசரத்தில் நீ காணாதவர்களுக்கும் அதே நீலத்தைத்தான் எடுத்திருந்தாய். அதற்குத் தனியாக ஒரு நீலம் வைத்திருக்க வேண்டும் என்று நீ இன்றைக்கும் உன்னையே குறை சொல்லிக்கொள்கிறாய். அது வேலையில் வரும் குறை. தொட்டியில் சாயத்தைக் கலந்தது என் கை.

நீ திரும்பி வந்து கோப்பைத் திறந்ததும் கேட்டது என் காதைவிட்டுப் போகவில்லை. "அம்மா, மூணாம் பக்கத்துல காணாதவங்க எல்லாரும் செத்துட்டாங்கம்மா." பதினோரு பெயர்கள். உன் குரலில் கோபம் கூட இல்லை. பத்து நிமிடத்தில் சரிசெய்து திரும்ப அனுப்பினாய். ஆனால் அனுப்பியது என் போனிலிருந்து, அதே பெயரில் இருந்த கோப்பு. பெயரை மாற்று, மேலே 'திருத்தியது' என்று போடு என்று நீ சொன்னதை, அதற்குள் பத்து அழைப்புகள் வந்ததில் நான் செய்யாமல் விட்டேன். முதல் பட்டியலைப் பார்த்தவர்கள் இரண்டாவதும் அதுவேதான் என்று நினைத்துத் திறக்காமல் விட்டுவிட்டார்கள். முதல் பட்டியலோ குழுவிலிருந்து ஆம்புலன்ஸ் டிரைவர்களுக்கும், அவர்களிடமிருந்து மலைக்கு இரண்டு பக்கமும் இருந்த ஆஸ்பத்திரிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நீ போகிற இடத்தில் இதை மட்டும் மறக்காதே. திருத்தம் என்றால், முதலில் பார்த்தவன் மறுபடி பார்த்தால்தான் திருத்தம்.

பதினோரு பேரில் பத்துப் பேரின் உடல்கள் பிறகு மண்ணுக்குள்ளிருந்துதான் கிடைத்தன. பதினோராவது ஆள் முருகையா. எஸ்டேட்டில் செடிகளுக்கு மருந்தடிக்கும் வேலை. சரிவு நடந்த காலையிலேயே காய்கறி ஏற்ற மேலே வந்த ஒரு பிக்கப் வண்டிக்காரன், ரோட்டோரம் கிடந்த மூன்று பேரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கீழே இறங்கியிருக்கிறான். அப்போது யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. அதில் இரண்டு பேருக்கு நினைவு இருந்தது, பெயர் சொன்னார்கள். மூன்றாவது ஆள் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தான். சேறு அப்பிய முகம் அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த மூன்றாவது ஆள்தான் முருகையா. அடிவாரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், பெயர் தெரியாதவர் என்று எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். அந்த வார்டு நர்ஸ் நல்ல பெண். நம் பட்டியல் அவள் போனுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காணாதவர்களைத்தான் தேடியிருக்கிறாள். பிறகு என்னிடம் போனில் சொன்னாள்: "நீலமே இல்லீங்களே அதுல. கறுப்புன்னா பொணம் கெடச்சிருச்சுன்னு கீழ போட்டிருந்துச்சு. அப்ப எங்க ஆளு இந்தச் சரிவுல வந்தவரு இல்ல, எங்கயோ ரோட்டுல அடிபட்டவருன்னு நெனச்சுட்டோம்."

அவன் மனைவி பேச்சியம்மாளின் போன் மண்ணோடு போய்விட்டது. புருஷன் பெயர் கறுப்பாகிவிட்டது என்று கேம்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "பொணத்த எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறாள். ஒருவருக்கும் தெரியவில்லை, கீழே பிணவறையில் இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு மகள்களையும் கேம்பில் விட்டுவிட்டு, மலைக்கு மேற்கே ஊர் ஊராக, பிணவறை பிணவறையாகத் துணியை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டு போனாள். அவன் மலைக்குக் கிழக்கே உயிரோடு கிடந்தான். நாலாம் நாள் கண் திறந்து ஏதோ சொல்ல வாயெடுத்திருக்கிறான். ஆறாம் நாள் இறந்துபோனான். ஏழாம் நாள் நீ திருத்திய பட்டியல் எப்படியோ சுற்றி அந்த நர்ஸின் போனுக்குப் போயிருக்கிறது. வலது முன்கையில் 'பேச்சி' என்று பச்சை குத்திய ஆள் இருக்கிறாரா என்று நீலப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாளாம். "தொட்டதும் அந்த ஆளோட மொகம் வந்துருச்சுங்க" என்றாள். நீ வைத்த லிங்க் ஒரு பிசகும் இல்லாமல் வேலை செய்தது.

அதற்குப் பிறகு கேம்பில் கூடிய கூட்டம் உனக்கு நினைவிருக்கும். முருகையாவின் தம்பி சண்முகம் எழுந்து நின்று கத்தினான். "ஏலே, பேர எழுதச் சொன்னா கலரடிச்சு வெளையாடிருக்கியா? எங்கண்ணன் உசுரோட கெடந்தாம்ல அங்க!" கூட்டம் முழுக்க உன்னைப் பார்த்தது. நீ என்னைப் பார்த்தாய், ஒரு விநாடிதான். எனக்கு ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. உன் அப்பா போன பிறகு என் வேலைதான் நம் வீடு. 'பேப்பர் அக்கா' என்று அந்த எஸ்டேட்டே என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இதையெல்லாம் நீ அந்த ஒரு விநாடியில் நினைத்திருக்க வேண்டும். "எங்க மிஷின்ல நடந்ததுதாண்ணே. தப்பு என்னுதுதான்" என்றாய். என் கையில் நோட்டு இருந்தது. நீ சொன்னதை நான் குறித்துக்கொண்டேன். ஆமாம், எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மறுநாள் பேப்பரில் 'தட்டச்சு மையத்தில் நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறால் பட்டியலில் நிறம் மாறியது' என்று எழுதினேன். யார் மாற்றியது என்று கேட்க இடமே தராத வாக்கியம். எழுவாய் இல்லாமல் அறிக்கை விடும் அதிகாரிகளைக் கிண்டல் செய்து பெயர் வாங்கியவள் நான். அந்த வரியில் ஓர் எழுத்துப் பிழை கூட இல்லை.

பிறகு நடந்தது மெல்ல மெல்ல நடந்தது. சென்டருக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். சண்முகம் உன்னைக் குழுவிலிருந்து நீக்கினான். டீக்கடையில் ஒருவர், நான் உள்ளே இருப்பது தெரியாமல், "அவங்கிட்டயா கல்யாணப் பத்திரிக குடுக்கப்போற? கருமாதிப் பத்திரிகையா மாத்திக் குடுத்துருவான்லே" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன். அவர் என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்காக அவர் வருத்தப்பட்டதுதான் பெரிய அவமானமாக இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. நீயும் உனக்கு நடந்ததை என்னிடம் சொன்னதில்லை. ஒரே வீட்டில் ஒரே சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் அவரவர் அவமானத்தை மறைத்து வைத்தோம். உன் மௌனம் எனக்காக. என் மௌனமும் எனக்காகத்தான்.

போன புதன்கிழமை நான் பேச்சியம்மாளைப் பார்க்கப் போனேன். சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை செய்கிறாள். படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா, எனக்கு எழுதிப்போட்ட பென்சன் விசயமா?" என்றாள். இல்லை என்று சொல்லி, நின்றபடியே சொன்னேன். "கலர மாத்துனது எம்மவன் இல்ல பேச்சி. நான்." விரிப்பின் இரண்டு நுனிகளைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"நீங்களா?"

"ஆமா."

"எஞ்சின்னவ காதுகுத்துக்குப் பத்திரிக அடிச்சுத் தாரேன்னு அந்தப் பய வந்தான்க்கா. வாசலத் தாண்ட விடல. ஒரு வாய் தண்ணி குடுக்கல. தல குனிஞ்சிட்டே போனான்." அவள் குரல் உயரவில்லை. "ஒங்களுக்கு அது தெரியுமா?"

"அவன் சொல்லல. ஆனா இப்படியெல்லாம் நடக்கும்னு தெரியும்."

"தெரிஞ்சும் ரெண்டு வருசம் சும்மா இருந்தீக."

அவள் விரிப்பை மடித்து அடுக்கின் மேல் வைத்து, அடுத்ததை உதறினாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்தினாள். "அது வேண்டாம். நான் மன்னிக்க மாட்டேன், அதுக்காக நிக்காதீக. ஒங்கள அடிச்சு வெரட்டவும் எனக்குத் தெம்பு இல்ல. எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா ஒங்க பாரம் எறங்கிரும், அந்தப் பய பேரு அப்படியேதான கெடக்கும்? அன்னைக்கு அந்த லிஸ்ட யார் யாருக்கு அனுப்புனீகளோ, அவுக அம்புட்டுப் பேருக்கும் இதயும் அனுப்புங்க. அவன் ஊர விட்டுப் போறதுக்கு முன்னால அனுப்புங்க." உதறிய விரிப்பை மடித்தபடி, "என் பேரயும் போடுங்க. அவரு பேரயும் போடுங்க. யாரோ ஒருத்தருன்னு எழுதிறாதீக" என்றாள். வேன் ஹாரன் கேட்டது. விரிப்பு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதனால்தான் இந்தக் கடிதம் உனக்கு முன்பாக அந்தக் குழுவுக்குப் போகிறது. குழு இன்னும் இருக்கிறது. யாரும் அதில் பேசுவதில்லை, யாரும் வெளியே போகவும் இல்லை. சண்முகம் இருக்கிறான், ஆம்புலன்ஸ்காரர்கள் இருக்கிறார்கள், அந்த நர்ஸையும் அவளிடம் கேட்டுச் சேர்த்திருக்கிறேன். பேப்பரில் என் பழைய ஆசிரியருக்கும் தனியாக அனுப்புகிறேன். அந்தத் 'தொழில்நுட்பக் கோளாறு' வரிக்குத் திருத்தம் போடும்படி கேட்டிருக்கிறேன். போடுவாரா தெரியாது. இதனால் முருகையாவுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவன் மகள்களுக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. நம் சென்டர் திரும்பத் திறக்கப்போவதும் இல்லை. இதைப் படித்ததும் நீ கோபப்படலாம், இப்போது எதற்கம்மா என்று கேட்கலாம். என்னோடு பேசாமலே பஸ் ஏறலாம். ஏறினாலும் குறையில்லை. நான் ஸ்டாண்டுக்கு வருவேன், சற்றுத் தள்ளி நிற்பேன்.

கோவையில் நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த லிஸ்ட் போட்ட பையன் நீதானே என்று என்றைக்காவது ஒருவர் கேட்பார். எங்க மிஷினில் நடந்தது என்று இனிமேல் சொல்லாதே. எங்க அம்மா செய்தது என்று சொல். நம்பாமல் மேலே கேட்டால் என் நம்பரைக் கொடு. எந்த நேரமானாலும் நான் எடுப்பேன்.